மருந்து மரப்பட்டைக்குள் வாழும் நுண்ணுயிர்களும் அழற்சி எதிர்ப்பும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் மரப்பட்டை இன்றும் வீட்டு மருந்தாகப் புழங்குகிறது. பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் மருதம்பட்டையையும் வேப்பம்பட்டையையும் கேட்டு வாங்குபவர்கள் குறையவில்லை. அந்தப் பட்டைகளுக்குள் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன என்றும், அவற்றிலிருந்து அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் கிடைக்கின்றன என்றும் செய்திகள் வரத் தொடங்கியபின், இராயபுரம் முதல் எண்ணூர் வரை குடியிருப்பவர்களும் நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

பட்டைக்குள் பூஞ்சை வாழ்கிறது என்றால் அந்த மரம் நோயுற்றிருக்கிறதா?

இல்லை. செழித்து நிற்கும் மரத்தின் இலை, கிளை, வேர், பட்டை ஆகிய எல்லா உறுப்புகளிலும், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இவற்றை அகவாழ் நுண்ணுயிர்கள் என்கிறோம். கல்லூரிகளில் எண்டோஃபைட் என்ற பெயரே மிகுதியாகப் புழங்குகிறது. செடிகளின் உள்ளே வாழும் இத்தகைய உயிர்களை 1866ஆம் ஆண்டிலேயே தனியாகக் குறிப்பிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி.

ஆனால் இந்த அமைதியான உறவு எப்போதும் அப்படியே நீடிக்கும் என்று சொல்வதற்கில்லை. மரம் வறட்சியாலோ காயத்தாலோ நலிவுறும்போது, அதுவரை அடங்கியிருந்த பூஞ்சைகளில் சில நோயுண்டாக்கத் தொடங்குகின்றன. மரம் செத்தபின் வேறு சில அதே பட்டையை மட்கச் செய்யும் வேலையில் இறங்குகின்றன. லாசியோடிப்ளோடியா என்னும் பூஞ்சை நலமான மரங்களிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டுள்ளது. கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வரும் நோய்க்குக் காரணமாகவும் அறியப்பட்டுள்ளது.

பட்டையின் எந்தப் பகுதியில் இவை இருக்கின்றன? உள்ளே எப்படி நுழைகின்றன?

நாம் கையால் தொட்டு உணரும் சொரசொரப்பான வெளிப்பட்டை பெரும்பாலும் இறந்துபோன தக்கைச் செல்களால் ஆனது. அதற்கு உள்ளே, ஈரமாகவும் நாராகவும் இருக்கும் உட்பட்டையே உயிருள்ள பகுதி. இலையில் உருவான சர்க்கரை வேர் வரை இறங்குவது இதன் வழியாகத்தான். ஆகவே நுண்ணுயிர்களுக்கு உணவும் ஈரமும் ஒருங்கே கிடைக்கும் இடமும் இதுவே. மருந்துக்காகச் சித்த வைத்தியர்கள் மதிப்பதும், ஆய்வாளர்கள் வெட்டியெடுப்பதும் பெரும்பாலும் இந்த உட்பட்டையையே.

காற்றிலும் மழைத்துளியிலும் வரும் வித்துகள், பட்டையின் மூச்சுத் துளைகள், பூச்சி துளைத்த வழிகள், கிளை ஒடிந்த காயங்கள் ஆகியவற்றின் வழியே உள்ளே நுழைகின்றன. விதை வழியாகத் தாய்மரத்திலிருந்து வருபவையும் உண்டு என்றாலும், மரங்களின் அகவாழ் பூஞ்சைகளில் பெரும்பாலானவை சுற்றுப்புறத்திலிருந்தே வந்து சேர்கின்றன. எனவே மாதவரத்து வேப்பமரமும் கொல்லிமலை அடிவாரத்து வேப்பமரமும் ஒரே இனமாக இருந்தாலும், அவற்றின் பட்டைக்குள் ஒரே கூட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஒவ்வொரு மூலிகை மரத்துக்கும் அதற்கே உரிய பூஞ்சை ஒன்று இருக்கிறதா?

இருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் சான்றுகள் அந்த எதிர்பார்ப்புக்கு இடம் தரவில்லை. மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாபீடத்தில் இயங்கும் விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தைச் சேர்ந்த டி. எஸ். சூரியநாராயணனும் அவருடைய குழுவினரும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். தொடர்பே இல்லாத பல மரக்குடும்பங்களின் இலைகளில் ஒரே சில பூஞ்சைகள் திரும்பத் திரும்பத் தென்படுவதை அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. ஃபில்லோஸ்டிக்டா என்னும் பூஞ்சை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பட்டையைப் பொறுத்தவரை, மைசூர்ப் பல்கலைக்கழகத்தினர் 2005இல் வேம்பின் உட்பட்டையையும், மருத மரத்தின் உட்பட்டையையும் சிறுகிளைகளையும் ஆராய்ந்து வெளியிட்டனர்; வாரணாசியில் நடந்த ஆய்வு 2007இல் வேம்பின் பட்டை, இலை, தண்டு மூன்றையும் ஒப்பிட்டது. பெஸ்டலோஷியாப்சிஸ், ஃபியூசேரியம், கீட்டோமியம், ஃபோமாப்சிஸ், ஆல்டர்னேரியா போன்ற பெயர்கள் இத்தகைய பட்டியல்களில் அடிக்கடி வருகின்றன. பாக்டீரியாக்களில் பேசில்லஸும் ஸ்ட்ரெப்டோமைசிஸும் வருகின்றன. இவற்றில் பல, மருந்துக்குப் பயன்படாத மரங்களிலும் வாழ்பவையே. ஆகவே மரம் மூலிகை என்பதனாலேயே அதனுள் வாழும் பூஞ்சையும் மருந்து என்று முடிவுகட்டுவது அவசரம்.

அப்படியானால் பட்டையின் மருந்துச் சத்து மரத்துடையதா, பூஞ்சையுடையதா?

இந்தத் துறையில் மிகவும் சுவையான கேள்வியும், மிகவும் தவறாகச் சொல்லப்படும் விடையும் இதுதான்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து டாக்ஸால் என்னும் புற்றுநோய் மருந்து கிடைத்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். மரமோ மிக மெதுவாக வளர்வது. இந்த நெருக்கடியில்தான் 1993இல் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரியா ஸ்டீயர்ல், டொனால்ட் ஸ்டீயர்ல், கேரி ஸ்ட்ரோபல் ஆகியோர், அந்த மரத்தின் உட்பட்டையில் வாழும் டாக்ஸோமைசிஸ் ஆண்ட்ரியானே என்ற பூஞ்சை தனியாகக் குடுவையில் வளர்க்கப்படும்போதும் டாக்ஸாலைத் தருகிறது என்று அறிவித்தனர். உலகெங்கும் மூலிகை மரங்களின் பட்டைகள், நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டுகளுக்கு வரத் தொடங்கியதற்கு அந்த அறிவிப்பு பெருங்காரணம். ஆனால் கிடைத்த அளவு ஒரு லிட்டர் வளர்ப்பு நீர்மத்துக்குச் சில பத்து நானோகிராம் மட்டுமே. ஒரு மில்லிகிராமில் பத்து இலட்சம் நானோகிராம் உண்டு என்பதை நினைவில் கொண்டால் அதன் சிறுமை விளங்கும். பின்னர் 2013இல் ஜெர்மனியில் அதே பூஞ்சையை மீண்டும் ஆராய்ந்தவர்கள், டாக்ஸாலைத் தானாகவே உருவாக்கும் திறன் அதற்கு இருப்பதற்கான சான்று தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினர். மரத்திலிருந்து ஒட்டிவந்த எச்சமும், மிகச் சிறு அளவையும் காட்டிவிடும் கருவியின் துல்லியமும் சேர்ந்து ஒரு பெரிய நம்பிக்கையை எழுப்பியிருக்கக்கூடும் என்பது அதன் பொருள். இன்று டாக்ஸால் பெருமளவில் செடிச்செல் வளர்ப்பாலும், யூ மர இலைகளிலிருந்து எடுக்கும் மூலப்பொருளைக் கொண்டும் ஆக்கப்படுகிறது, பூஞ்சையிலிருந்து அல்ல.

இதற்காக எல்லாக் கண்டுபிடிப்புகளையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வேம்பிலிருந்து எடுத்த யூபெனிசிலியம் பார்வம் என்ற பூஞ்சை, வேம்பின் பூச்சியெதிர்ப்புப் பொருளான அசாடிராக்டினைத் தருவதாக 2012இல் வெளியானது. கொய்னா மரப்பட்டையின் மருந்துப் பொருள்களை அதன் அகவாழ் பூஞ்சைகள் சிறிதளவு உண்டாக்குவதாக இந்தோனேசிய மரங்களில் நடந்த ஆய்வுகள் கூறின. ஆயினும் மரத்தின் பொருளையே பூஞ்சையும் செய்கிறது என்று ஒருவர் கூறும்போது, அதற்கான மரபணுக்கள் பூஞ்சையில் காட்டப்பட்டனவா, பல தலைமுறை வளர்ப்புக்குப் பிறகும் அந்தப் பொருள் கிடைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டாக வேண்டும். என் கணிப்பில், மரத்தின் பொருளை நகலெடுக்கும் பூஞ்சையைத் தேடுவதைவிட, மரத்திடம் இல்லாத புதிய பொருளைத் தரும் பூஞ்சையைத் தேடுவதே பலன் தரும் வழி.

பட்டைக்குள் வாழும் பூஞ்சையின் பொருள் நம் உடலின் அழற்சியை ஏன் தடுக்க வேண்டும்?

அழற்சி என்பது சிவத்தல், சூடு, வீக்கம், வலி என்ற நான்கு அடையாளங்களோடு நம் உடல் காயத்தையும் கிருமியையும் எதிர்கொள்ளும் முறை. அளவோடு நின்றால் அது காவல். ஓயாமல் தொடர்ந்தால் மூட்டுவாதம், குடற்புண் அழற்சி போன்ற நோய்களாகிறது. இதை நடத்திச் செல்பவை வெள்ளணுக்கள் வெளியிடும் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்களும், புரோஸ்டாகிளாண்டின்களும், நைட்ரிக் ஆக்சைடும் ஆகும். செல்லுக்குள் இவற்றை உண்டாக்கும் மரபணுக்களை இயக்கும் விசைகளுள் முதன்மையானது என்.எஃப். கப்பா பி.

பூஞ்சை நமக்காக எதையும் செய்வதில்லை. மரத்தின் தற்காப்பைச் சமாளிக்கவும், அதே பட்டையில் இடம்பிடிக்க வரும் பிற நுண்ணுயிர்களைத் தடுக்கவும், பூச்சிகளை விலக்கவும் அது வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. செல்களுக்குள் செய்தி கடத்தும் புரதங்களில் பல, பூஞ்சை முதல் மனிதன் வரை ஒரே தொன்மையான அமைப்பைக் கொண்டவை என்பதால், அப்பொருள்களில் சில நம் வெள்ளணுக்களின் புரதங்களிலும் பொருந்திக்கொள்கின்றன. நார்வே மண்ணில் கிடைத்த டோலிபோகிளாடியம் பூஞ்சை தரும், நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் இதற்கு மிகப் பெரிய சான்று: உறுப்பு மாற்றத்திலும் கடுமையான மூட்டுவாதத்திலும் அது இன்று பயன்படுகிறது. அது மண்பூஞ்சை, அகவாழ் பூஞ்சைகளில் அதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு 1995இல் வெளியானது. சீன மருத்துவத்தில் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் டிரிப்டெரிஜியம் என்ற கொடியில் வாழும் ஒரு ஃபியூசேரியம், நோயெதிர்ப்பை அடக்கும் சப்குளூட்டினால்களைத் தந்தது. கொடியின் மருந்துப் பொருளான டிரிப்டோலைடும் பூஞ்சையின் சப்குளூட்டினாலும் வெவ்வேறானவை என்பது கவனிக்கத்தக்கது.

நம் பகுதி மரங்களில் இவ்வாறு ஏதேனும் கண்டறியப்பட்டுள்ளதா?

திருவொற்றியூர்க்காரர்களுக்கு மகிழ மரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தியாகராஜசுவாமி கோயிலின் தலமரம் அது. சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மரத்தடி என்று இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. மகிழம்பட்டை துவர்ப்பு மிக்கது. ஈறு வீக்கத்துக்கும் பல்லாட்டத்துக்கும் அதைப் பொடித்துத் தேய்ப்பதும், கஷாயமாக்கி வாய் கொப்பளிப்பதும் பழைய வழக்கம்.

இதே இன மரத்தின் இலையில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து எர்கோஃப்ளேவின் என்னும் நிறமியை மும்பை ஆய்வாளர்கள் பிரித்து 2009இல் வெளியிட்டனர். மனிதச் செல்களில் டி.என்.எஃப். ஆல்ஃபாவையும் இன்டர்லூக்கின்-6ஐயும் அது ஒன்று இரண்டு மைக்ரோமோலார் அளவிலேயே பாதியாகக் குறைத்தது. ஆய்வக அளவுகோலில் இது வலுவான முடிவு. அதே பொருள் புற்றுநோய்ச் செல்களையும் கொன்றது என்பதையும் அவர்களே பதிவு செய்துள்ளனர். செல்லைக் கொல்லக்கூடிய பொருளை மூட்டுவலிக்கு ஆண்டுக்கணக்கில் கொடுக்க முடியுமா என்ற ஐயம் அங்கேயே எழுந்துவிடுகிறது. மேலும், இது இலையில் வாழ்ந்த பூஞ்சை. பட்டையில் வாழ்வது அல்ல. கோயில் மரத்துப் பட்டையில் எர்கோஃப்ளேவின் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

பட்டைக்குள் இருப்பதை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? மேலே ஒட்டியிருக்கும் தூசியிலும் பூஞ்சை இருக்குமே?

இந்த ஐயம் மிகவும் நியாயமானது. வடசென்னைத் தூசியை அறிந்தவர்களுக்கு அது இன்னும் நியாயமானது. பட்டைத் துண்டை ஓடும் நீரில் கழுவி, வெளிப்பட்டையைச் சீவி நீக்கி, எழுபது விழுக்காடு எத்தனாலிலும், பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலிலும் சில நிமிடங்கள் முக்கி எடுத்து, கிருமி நீக்கிய நீரில் பலமுறை அலசுகிறார்கள். பின்னர் உட்பட்டையைச் சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் தட்டில் வைக்கிறார்கள். பூஞ்சை மட்டும் தேவையென்றால் பாக்டீரியாவைத் தடுக்க ஊடகத்தில் ஆன்டிபயாட்டிக் சேர்க்கப்படும். சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள், வெட்டப்பட்ட விளிம்பிலிருந்து பூஞ்சை இழைகள் வெளியே நீளும். அந்த நுனியை எடுத்துத் தனித்தட்டில் வளர்ப்பதே அடுத்த படி.

கழுவியது போதுமானதா என்பதை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. சுத்தம் செய்த துண்டின் மேற்பரப்பை ஒரு வெறும் அகார் தட்டில் அழுத்தி எடுத்துவிட்டு, அந்தத் தட்டையும் அதே நாள்கள் வைத்திருக்க வேண்டும். அழுத்திய இடத்தில் ஏதேனும் முளைத்தால் மேற்பரப்பு சுத்தமாகவில்லை. அந்தத் தொகுதி முழுவதையும் கைவிட வேண்டும். இந்தச் சோதனையைக் குறிப்பிடாத ஆய்வறிக்கையை நான் அரை மனத்தோடுதான் வாசிப்பேன்.

பூஞ்சையின் இனத்தை அறிய டி.என்.ஏ.வின் ஐ.டி.எஸ். பகுதியையும், பாக்டீரியாவுக்கு 16எஸ் மரபணுவையும் வாசிக்கிறார்கள். பிறகு நீர்ம ஊடகத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வளர்த்து, எத்தில் அசிட்டேட் என்னும் கரைப்பானைக் கொண்டு சாரத்தை எடுக்கிறார்கள். தட்டில் வளர மறுக்கும் நுண்ணுயிர்கள் பட்டைக்குள் ஏராளமாக உண்டு, அவற்றை டி.என்.ஏ. மூலம் கணக்கெடுக்கலாம், சாரம் எடுக்க முடியாது.

அழற்சி எதிர்ப்பை எப்படி அளக்கிறார்கள்? எந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம்?

கல்லூரித் திட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது முட்டை வெண்கருப் புரதத்தைச் சூடாக்கி, சாரம் அதைத் திரியவிடாமல் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையும், இரத்தச் சிவப்பணுக்களின் சவ்வு வெடிக்காமல் காக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் ஆகும். இவை மலிவானவை, விலங்கு தேவையில்லை, வலிநீக்கி மருந்தான டைக்ளோஃபெனாக்கோடு ஒப்பிட்டு ஓர் அழகான வரைபடம் வரைந்துவிடலாம். ஆனால் உடலில் நடக்கும் அழற்சிக்கும் சூட்டில் திரியும் புரதத்துக்கும் உள்ள தொடர்பு மிகத் தொலைவானது. துவர்ப்புப் பொருள் நிறைந்த எந்தப் பட்டைச் சாரமும் இங்கே ஏதோ ஒரு விளைவைக் காட்டிவிடும். இவற்றை மட்டுமே கொண்டு அழற்சி எதிர்ப்பு மருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்று தலைப்பிடுவது பொருந்தாது.

அதற்கு அடுத்த படி, ரா 264.7 எனப்படும் எலியின் விழுங்கணுக்கள், அதாவது கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள். ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடை இவற்றுக்குக் கொடுத்தால், செல்கள் கிருமி வந்துவிட்டதாகக் கொண்டு நைட்ரிக் ஆக்சைடையும் சமிக்ஞைப் புரதங்களையும் வெளியிடும். சாரம் சேர்த்தபின் இவை குறைகின்றனவா என்று பார்க்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடை நைட்ரைட்டாகக் கிரீஸ் வினைபொருளின் இளஞ்சிவப்பு நிறத்தால் கணிக்கிறார்கள்.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, செல் செத்துப்போனாலும் நைட்ரிக் ஆக்சைடு குறையும். ஆகவே அதே அளவில் செல்கள் உயிரோடு இருந்தன என்பதை எம்.டி.டி. போன்ற சோதனையால் காட்டியே ஆக வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் உண்டாக்கும் கிளியோடாக்சின் என்.எஃப். கப்பா பியை நன்றாகவே தடுக்கிறது. ஆனால் அது நச்சு, யாரும் அதை மருந்து என்று கொடுக்கப் போவதில்லை. இரண்டாவது, சில பாக்டீரியாக்களின் சாரத்திலேயே லிப்போபாலிசாக்கரைடு கலந்திருக்கும். அது அழற்சியைத் தூண்டி முடிவைத் தலைகீழாக்கிவிடும். மூன்றாவது, நிறமுள்ள சாரம் நிறத்தை அளக்கும் சோதனையையே ஏமாற்றும். பட்டைப் பூஞ்சைகளில் நிறமி தருபவை பல என்பதால் இது கற்பனையான அச்சம் அல்ல.

அளவையும் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு இருநூறு மைக்ரோகிராம் சாரத்தில் கிடைத்த விளைவு, மனித இரத்தத்தில் எட்டக்கூடிய அளவில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தூய பொருளாகப் பிரித்து, குறைந்த அளவில் செயல்படுவதைக் காட்டி, பிறகு எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கும் கராஜீனனைச் செலுத்தி, அந்த வீக்கத்தைப் பொருள் குறைக்கிறதா என்று பார்த்து, அதன்பின் நச்சுத்தன்மை ஆய்வு, அதன்பின்னரே மனிதர்கள் என்பதுதான் வரிசை. இந்த வரிசையில் பட்டை வாழ் பூஞ்சைகளின் பொருள்களில் பெரும்பாலானவை விழுங்கணுக்களின் படியிலேயே நிற்கின்றன.

பட்டைக் கஷாயம் குடித்தால் இந்த நுண்ணுயிர்களும் உள்ளே போகின்றனவா?

நீர் நாலில் ஒன்றாக வற்றும்வரை கொதிக்கும் கஷாயத்தில் பூஞ்சைகள் உயிரோடு இருக்க முடியாது. சில பேசில்லஸ் வித்துகள் மட்டும் தாக்குப்பிடிக்கக்கூடும். நீங்கள் குடிப்பது பட்டையின் டானின்கள், ஃபிளேவனாய்டுகள், டிரைடெர்பீன்கள் போன்ற மரச் சத்துகளையே. மருதம்பட்டையின் மரபான பயனுக்கு இவையே போதுமான விளக்கம். நுண்ணுயிரின் சுரப்பு அதில் கலந்திருந்தாலும் அதன் அளவு மிக மிகக் குறைவு.

மருதம்பட்டையில் செய்யும் அர்ச்சுனாரிட்டம் போன்ற புளிப்பேற்றிய மருந்துகளைச் சுட்டி, அதில் பட்டையின் பூஞ்சைதானே வேலை செய்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. அரிட்டம் செய்யும்போது பட்டையை முதலில் கொதிக்கவைத்துக் கஷாயமாக்கிய பிறகே வெல்லமும் தாதகிப் பூவும் சேர்க்கப்படுகின்றன. நொதித்தலை நடத்துவது பெரும்பாலும் அந்தப் பூக்களோடு வரும் ஈஸ்ட்.

கடையில் வாங்கிய பட்டையில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கிறது. அதுதான் அந்த நல்ல பூஞ்சையா?

நிச்சயமாக இல்லை. அது ஈரத்தில் கிடந்த பட்டையின்மேல் பிற்பாடு ஏறிய பூசணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரையை ஒட்டிய காசிமேடு, தண்டையார்பேட்டை வீடுகளில் எதை மூடி வைத்தாலும் பூசணம் பிடிப்பது நாம் அறிந்ததே. பட்டையில் ஏறுபவற்றுள் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸும் இருக்கலாம். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்குக் காரணமாவது. கொதிக்கவைத்தால் போய்விடும் என்று எண்ண வேண்டாம்; கொதிநீரின் சூடு அந்த நஞ்சை அழிக்கப் போதாது. துடைத்துவிட்டு வெயிலில் காயவைத்தாலும் ஊறிய நஞ்சு நீங்காது. பூசணம் பிடித்த பட்டையைக் குப்பையில் போடுவது ஒன்றே வழி.

மணலி, எண்ணூர்ச் சாலையோர மரங்களின் பட்டையைப் பயன்படுத்தலாமா?

மருந்துக்கு வேண்டாம். மரப்பட்டை காற்றில் வரும் உலோகத் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான், காற்று மாசை அளக்கவே பல நாடுகளில் பட்டையை எடுத்துச் சோதிக்கிறார்கள். சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையச் சாம்பல், இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகள் ஆகியவற்றின் நடுவே நிற்கும் வேம்பின் பட்டையைக் கஷாயமாக்குவது எந்த வைத்திய முறைக்கும் உடன்பாடானது அல்ல.

ஆய்வுக்கு என்றால் கதை வேறு. நலிவான சூழலில் வாழும் மரங்களில் வேறுவகை நுண்ணுயிர்க் கூட்டம் அமையலாம் என்பது சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோள். எண்ணூர்க் கழிமுகத்தில் இன்றும் நிற்கும் வெண்கண்டல் மரங்கள் உப்பையும் சேற்றையும் மட்டுமின்றி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு படர்ந்த எண்ணெயையும் தாங்கியவை. பிச்சாவரத்துக் கண்டல்களின் அகவாழ் பூஞ்சைகள் சென்னை ஆய்வாளர்களால் முன்பே பதிவு செய்யப்பட்டுள்ளன என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படையும் உண்டு.

மாதிரிக்காகத் தெரு மரத்தில் பட்டை எடுக்கலாமா?

மாநகராட்சி மரத்தையோ கோயில் மரத்தையோ அனுமதியின்றித் தொடக் கூடாது. ஆய்வுக்குத் தேவைப்படுவது விரல் நக அளவுள்ள சில துண்டுகளே. தண்டைச் சுற்றி வளையமாக உரித்தால் வேருக்குச் சர்க்கரை இறங்குவது நின்று மரமே செத்துவிடும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது போன்ற நேரங்களில் விழுந்த மரங்கள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் நாள்கள் கடந்தால் மட்குப் பூஞ்சைகள் உட்பட்டையைப் பிடித்துக்கொள்ளும். விழுந்த அன்றோ மறுநாளோ எடுத்துக் குளிர்பெட்டியில் ஆய்வகம் கொண்டுசெல்ல வேண்டும்.

மாணவர் ஒருவர் இதில் புதிய பூஞ்சை கண்டுபிடித்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அதைச் சாகவிடாமல் காக்க வேண்டும். சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் வளர்ப்புச் சேகரிப்பகமான எம்.டி.சி.சி. போன்ற இடங்களில் ஒப்படைத்தால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். பிறரும் அதே பூஞ்சையைப் பெற்றுச் சரிபார்க்கலாம். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002 நுண்ணுயிர்களுக்கும் பொருந்தும். வெளிநாட்டுக் கூட்டு ஆய்வோ காப்புரிமையோ எண்ணத்தில் இருந்தால், தரமணியில் தலைமையகம் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளை ஆய்வு தொடங்கும் முன்பே கல்லூரி வழியாகத் தெரிந்துகொள்வது நல்லது. முடிவு வந்தபின் ஓடுவது வீண் அலைச்சல்.

மரத்தை வெட்டாமல் குடுவையிலேயே மருந்தை வளர்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே, அது எப்போது நடக்கும்?

தடையாக நிற்பது ஒரு பழகிய சிக்கல். மரத்திலிருந்து எடுத்த புதிதில் நன்றாகச் சுரக்கும் பூஞ்சை, தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்க்கும்போது சுரப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறது. கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் மருந்துப் பொருளைத் தந்த பூஞ்சைகளில் இது தெளிவாகப் பதிவாகியுள்ளது. மரத்தின் வேதிச் சமிக்ஞைகளும் அண்டை நுண்ணுயிர்களின் போட்டியும் இல்லாத குடுவையில், செலவு மிகுந்த அந்தச் சுரப்பைத் தொடர அதற்குத் தேவையில்லை. பட்டைச் சாரத்தை ஊடகத்தில் சேர்த்தும், இரண்டு நுண்ணுயிர்களைச் சேர்த்து வளர்த்தும், உறங்கும் மரபணுக்களைத் தட்டியெழுப்பும் பொருள்களைக் கொடுத்தும் பார்க்கிறார்கள். சிலவற்றில் பலன் உண்டு. ஆலை அளவில் நிலைத்த பலன் அரிது.

மூட்டுவலியால் துன்பப்படுபவர் இப்போது இதைக்கொண்டு ஏதேனும் செய்யலாமா?

அகவாழ் பூஞ்சைச் சாரம், மாத்திரை, பொடி என்று எந்தப் பெயரில் யார் விற்றாலும் வாங்க வேண்டாம். பட்டை மருந்து எடுத்துக்கொள்ள விரும்புபவர்கள் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவிலோ, அரும்பாக்கம் அண்ணா இந்திய மருத்துவமனையிலோ காட்டி, தாம் ஏற்கெனவே உண்ணும் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளின் சீட்டையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், கஷாயத்துக்காகக் காத்திராமல் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையில் வாதநோய்க்கான சோதனை செய்துகொள்ள வேண்டும். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்களுக்குள் தொடங்கும் சிகிச்சையே மூட்டின் சிதைவைத் தடுக்கிறது.